வாசகர் கேள்வி பதில்: சென் மொரிஸ் ஆறு செய்த வேலைகள்

கியூபெக் எப்படித் தொழில் மாகாணம் ஆனது என்று அறிய விரும்புகிறவர்கள் சென் மொரிஸ் ஆற்றங்கரையால் ஒருமுறை மேலே போய் வாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த மாதம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அந்த ஆற்றின் கரையில் ஒரு கடதாசி ஆலையில் மின் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என் குடும்பம் சாப்பிட்ட சோறு அந்த ஆறு போட்டது.

கேள்வி: மொன்றியலில் இருபது வருடமாக இருக்கிறேன். சென் மொரிஸ் என்று ஓர் ஆற்றைப் பார்த்ததாக நினைவில்லை. எங்கே இருக்கிறது? (லவாலிலிருந்து ஒரு வாசகி)

பார்த்திருப்பீர்கள் அம்மா. கியூபெக் நகரத்துக்கு 40 ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது ஏறக்குறைய நடுவழியில் த்ருவா றிவியேர் நகரம் வரும். அங்கே ஒரு பாலத்தைத் தாண்டுவீர்கள். கீழே போவதுதான் சென் மொரிஸ். சற்றுத் தெற்கே போய் சென் லோறன்ஸ் ஆற்றில் சேருகிறது. சேரும் இடத்தில் தீவுகள் கிடப்பதால் மூன்று வாய்க்கால்களாகப் பிரிந்து தெரியும்.

அது புறப்படும் இடம் வெகு வடக்கே, குவேன் நீர்த்தேக்கம். அங்கிருந்து 563 கிலோமீற்றர் ஓடி வருகிறது. முதலில் தென்கிழக்காக, பிறகு லா தூக் என்ற ஊரிலிருந்து பெரும்பாலும் நேர் தெற்காக. மத்தவின், வெர்மியோன், குறோஷ் என்று பல கிளையாறுகள் வந்து சேர்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 43,000 சதுர கிலோமீற்றர் நிலத்தின் மழையும் பனியும் இந்த ஒரு வாய் வழியாக வெளியே வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்றைக்கும் காடு.

கேள்வி: கனடாவில் இதைவிடப் பெரிய ஆறுகள் எத்தனையோ இருக்கின்றன. தொழிற்சாலைகள் ஏன் இதைத் தேடி வந்தன? (மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர்)

சரியான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

குவேன் நீர்த்தேக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. த்ருவா றிவியேரில் ஆறு கடல் மட்டத்துக்குக் கிட்டவே வந்துவிடுகிறது. அந்த 400 மீற்றரும் சீராக இறங்கியிருந்தால் அது வேகமான ஓர் ஆறு, அவ்வளவுதான். இது அப்படி இறங்கவில்லை. படிக்கட்டு மாதிரி, நீண்ட அமைதியான தட்டு, பிறகு ஒரு திடீர் விழுகை, மறுபடி தட்டு என்று இறங்குகிறது. மேலே இருப்பது கனடியக் கேடயம் என்று சொல்லப்படும் நூறு கோடி ஆண்டு பழைய கடும்பாறை. கீழே இருப்பது சென் லோறன்ஸ் தாழ்நிலம், பனியுகத்தின் முடிவில் அங்கே நின்ற சம்பிளேன் கடல் விட்டுப்போன களிமண்ணும் மணலும். பாறையின் விளிம்பிலிருந்து ஆறு கீழே இறங்கும் இடங்கள்தான் கிறான் மேர், ஷவினிகன் நீர்வீழ்ச்சிகள். ஷவினிகனில் மட்டும் ஏறக்குறைய 50 மீற்றர் விழுகை.

மின்சாரத்துக்கு வேண்டியது இரண்டு: தண்ணீரின் அளவு, அது விழும் உயரம். இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்தன. அணையை ஊன்றப் பாறையும் இருந்தது. மொன்றியல் ஒரு நாள் பயணத்துக்குள். கடலுக்குப் போகும் கப்பல் த்ருவா றிவியேர் துறைமுகத்திலேயே ஏறும். வடக்கே ஜேம்ஸ் வளைகுடாப் பக்கம் இதைவிடப் பெரிய ஆறுகள் உண்டு. ஆனால் அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றர் தூரம் மின்சாரத்தைக் கொண்டுவர 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: த்ருவா றிவியேருக்கு அருகில் பழைய இரும்பு ஆலை என்று ஒரு பலகை பார்த்தோம். அதற்கும் ஆற்றுக்கும் தொடர்பு உண்டா? (ஒட்டாவாவிலிருந்து ஒரு தம்பதி)

உண்டு. கனடாவின் முதல் இரும்புத் தொழிலகம் அது. 1730 இல் பிரெஞ்சு அரசர் அனுமதி கொடுத்தார். 1738 இல் ஊதுலை எரியத் தொடங்கியது. 1883 வரை வேலை நடந்தது. ஒன்றரை நூற்றாண்டு!

இரும்புத் தாது மலையைக் குடைந்து எடுத்ததல்ல. முன்பு சொன்ன தாழ்நிலத்தின் சதுப்புகளில், மண்ணுக்கு அடியில் சிறிது ஆழத்திலேயே கிடந்த தாது. உருக்குவதற்கு மரக்கரி, அதற்குச் சுற்றிலும் காடு. பிரான்சிலிருந்து உலை வேலை தெரிந்த ஆட்களை வரவழைத்தார்கள். வீடு சூடாக்கும் வார்ப்பிரும்பு அடுப்புகள், சமையல் கொப்பரைகள், பீரங்கிக் குண்டுகள் என்று எல்லாம் அங்கே வார்க்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. துருத்தியையும் சம்மட்டியையும் இயக்கியது சென் மொரிஸ் அல்ல, அதில் வந்து விழும் ஒரு சிற்றோடை. அந்தக் காலத்து மரச் சக்கரத்தால் பெரிய ஆற்றின் வலிமையைத் தாங்க முடியாது. ஓடை சக்கரத்தைச் சுற்றியது, பெரிய ஆறு சரக்கைச் சுமந்துபோனது. ஆற்றையே வேலைக்குப் பிடிக்க இன்னும் 160 ஆண்டு ஆயிற்று.

கேள்வி: ஆற்றில் மரக்குற்றிகளை மிதக்கவிட்டார்கள் என்கிறார்களே, நீங்கள் பார்த்தீர்களா? (ஸ்காபரோவிலிருந்து ஒரு மாணவர்)

பார்த்தேன் தம்பி, கடைசிக் காலத்தை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மரம் ஆற்றால்தான் வந்துகொண்டிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் நிறுத்தினார்கள்.

மாரியில் காட்டில் வெட்டுவார்கள். பனி உறைந்த நிலத்தில் மரத்தை இழுப்பது சுலபம். இழுத்துச் சிற்றாறுகளின் கரையில் குவித்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி வெள்ளம் எழும்பும்போது குற்றிகளை உருட்டிவிட, அவை சென் மொரிஸுக்கு வந்து, அங்கிருந்து ஆலைகளுக்கு மிதந்து வரும். நீர்வீழ்ச்சிகளில் நொறுங்காமல் இருக்க 1850களிலேயே அரசாங்கம் மரச் சறுக்குகள் கட்டியது. ஆற்றுக்குக் குறுக்கே மிதக்கும் வேலிகள் போட்டுத் தடுத்து, எந்தக் கம்பனியின் குற்றி எது என்று பிரிப்பார்கள். எல்லாக் கம்பனிகளின் மரத்தையும் பொதுவாக இறக்கிக் கொடுப்பதற்கென்று ஒரு தனி நிறுவனமே இருந்தது.

குற்றிகள் ஓரிடத்தில் சிக்கிவிட்டால் மேலே ஏறி நின்று கொக்கித்தடியால் நெம்பி அவிழ்க்க வேண்டும். அடியில் ஆணி வைத்த சப்பாத்து, பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த தண்ணீர். அவிழ்ந்த கணத்தில் காலுக்குக் கீழே முழுவதும் நகரும். அப்படி உயிர் விட்டவர்கள் பலர். எங்கள் ஆலையில் இருந்த முதிய தொழிலாளர்கள் சிலர் வாலிப வயதில் அந்த வேலை செய்தவர்கள். அதைப் பற்றிக் கேட்டால் வீரக்கதை சொல்ல மாட்டார்கள். யார் யாரை இழந்தார்கள் என்றுதான் சொல்வார்கள்.

நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. மூழ்கிய குற்றியும் உதிர்ந்த பட்டையும் அடியில் தடிப்பாகப் படிந்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். மீன் முட்டையிடும் இடங்கள் மூடுண்டு போகும். படகில் போகிறவர்களுக்கும் ஆபத்து. இப்போது மரம் லொறியில் 155 ஆம் சாலையால் வருகிறது. ஆறு தெளிந்தது. அது நல்ல மாற்றம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: கனடாவில் பொக்சைற் தாதுவே கிடையாது. பிறகு எப்படி ஷவினிகனில் அலுமினியம் செய்தார்கள்? (பிரம்ரனிலிருந்து ஓர் இரசாயன ஆசிரியை)

ஆசிரியையின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆற்றின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஏறக்குறைய 4 தொன் பொக்சைற் தாதிலிருந்து 2 தொன் அலுமினா, அதிலிருந்து 1 தொன் அலுமினியம். அலுமினா என்ற அந்த வெள்ளைத் தூளை உருகிய கிறயோலைற் என்ற கனிமத்தில் கரைத்து, 960 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, நேர் மின்னோட்டம் பாய்ச்ச வேண்டும். 1886 இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த முறை. இன்றைய நல்ல ஆலையில்கூட ஒரு தொன்னுக்கு 13,000 கிலோவாற் மணிக்கு மேல் மின்சாரம் வேண்டும். அன்றைய கலங்களுக்கு இதைவிட மிக அதிகம். ஆகவே கணக்கு எளிது. தாதைக் கப்பலில் ஏற்றலாம், நீர்வீழ்ச்சியை ஏற்ற முடியாது. தாது மின்சாரத்தைத் தேடி வந்தது.

ஷவினிகன் வோற்றர் அன்ட் பவர் என்ற கம்பனி 1898 இல் தோன்றியது. அதற்கு முன் அங்கே ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. நீர்வீழ்ச்சியும் காடும்தான். கம்பனி மின்சாரம் விற்பதோடு நிற்கவில்லை. தெருக்களை வரைபடத்தில் கீறி ஒரு நகரத்தையே திட்டமிட்டது, தொழிற்சாலைகளை அழைத்தது. நோர்தேர்ன் அலுமினம் கம்பனி வந்து 1901 இல் கனடாவின் முதல் அலுமினியத்தை அங்கே வார்த்தது.

அந்த ஆலையின் கட்டடம் இன்னும் நிற்கிறது. நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே, ஆற்றோடு ஒட்டி. ஏன் அவ்வளவு கிட்ட என்றால், நேர் மின்னோட்டத்தை அந்தக் காலத்தில் தூரம் கொண்டுபோக முடியாது. மின்னழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் மின்மாற்றி வேண்டும், அது மாறு மின்னோட்டத்தில்தான் வேலை செய்யும். ஆகவே அலுமினியம் செய்கிறவர் தம் மின்பிறப்பாக்கியின் காலடியிலேயே குடியிருக்க வேண்டும். மாறு மின்னோட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1903 இலேயே 50,000 வோல்ற் அழுத்தத்தில் ஏறக்குறைய 135 கிலோமீற்றர் தூரம் மொன்றியலுக்கு ஷவினிகன் மின்சாரம் போய்விட்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். மின் வேலை செய்த ஒருவனாக அந்தக் கம்பிப் பாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும்.

அலுமினியம், தூரத்துக்குப் போன மின்சாரம் இவற்றோடு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, உங்கள் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. சுண்ணாம்பையும் கற்கரியையும் மின்வில் உலையில் 2,000 பாகையளவில் சூடாக்கினால் கல்சியம் காபைட் கிடைக்கும். அதில் தண்ணீர் பட்டால் அசற்றலீன் வாயு. முதலில் விளக்கெரிக்கவும் உலோகம் ஒட்டவும் விற்றார்கள். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவுக்கு வெடிமருந்து செய்யத் தேவையான அசற்றோன் என்ற கரைப்பான் பற்றாக்குறையாயிற்று. 1916 இல் ஷவினிகனில் அசற்றலீனிலிருந்து அசற்றல்டிகைட், அதிலிருந்து அசற்றிக் அமிலம், அதிலிருந்து அசற்றோன் என்று படிப்படியாகச் செய்து அனுப்பினார்கள். கனடாவின் பெரிய இரசாயனத் தொழில்களில் ஒன்று இப்படி வளர்ந்தது. சுண்ணாம்பும் கரியும் வேறு எங்கும் கிடைக்கும். மலிவான மின்சாரம்தான் அதை ஷவினிகனில் நிறுத்தியது.

கேள்வி: கடதாசிக்கு ஆறு எதற்கு? மரம் போதாதா? (மார்க்கத்திலிருந்து ஒரு வாசகர்)

போதாது. பத்திரிகைக் கடதாசிக்கான கூழை அன்று மரத்தைச் சுழலும் கல்லில் அழுத்தி அரைத்துத்தான் எடுத்தார்கள். அந்தக் கல்லைச் சுழற்ற மின்சாரம். அரைத்த கூழ் இயந்திரத்தின் கம்பிவலையில் விழும்போது 99 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு பெரிய மண்டபத்தில் தண்ணீரை வடித்து, பிழிந்து, உலர்த்துவதே கடதாசி செய்தல். மரம் கொண்டுவந்ததும், கல்லைச் சுழற்றியதும், கூழைக் கலக்கியதும், முடிந்த சுருள்களைக் கப்பலிடம் கொண்டு சேர்த்ததும் ஒரே ஆறு. 1930களில் த்ருவா றிவியேரை உலகத்தின் பத்திரிகைக் கடதாசித் தலைநகரம் என்றார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் எங்கள் ஆற்றில் அச்சாகின என்று சொன்னால் மிகை இல்லை.

கேள்வி: அப்படியானால் கழிவும் அதே ஆற்றில்தானே போயிருக்கும்? (அதே வாசகர்)

போனது. நெடுங்காலம். நார்த்துணுக்கு, பட்டை, இரசாயனம் எல்லாம். 1992 இல் மத்திய அரசின் கடதாசி ஆலைக் கழிவுநீர் விதிகள் இறுக்கமாகிய பிறகுதான் ஆலைகள் எல்லாம் உயிரியல் சுத்திகரிப்புத் தொட்டிகள் கட்டின. அந்தத் தொட்டிகளுக்குக் காற்றூதும் மோட்டர்களுக்கு மின்னிணைப்புக் கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன். என் வேலைக்காலத்தில் செய்தவற்றில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது அதுதான்.

கேள்வி: குவேன் நீர்த்தேக்கம் இயற்கையானதா? அங்கே யாராவது வாழ்ந்தார்களா? (மொன்றியலிலிருந்து ஒரு வாசகி)

இயற்கையானது அல்ல, தங்கச்சி. வாழ்ந்தார்கள். இதை எழுதாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வராது.

ஆற்றின் சிக்கல் இது: வசந்தத்தில் தண்ணீர் பொங்கும், மாரியில் மேல் நிலமெல்லாம் பனியாக உறைந்து கிடப்பதால் ஓட்டம் குறையும். ஆலைகளுக்கோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு வேண்டும். ஆகவே கியூபெக் அரசின் நீரோட்ட ஆணையம் 1916 தொடக்கம் ஆற்றின் தலைப்பகுதியில் ஓர் அணை கட்டியது. பல ஏரிகள் ஒன்றாகி, 1,500 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த நீர்த்தேக்கம் உருவாயிற்று. அன்று உலகத்தின் மிகப் பெரிய தேக்கங்களில் ஒன்று. முதல்வர் லோமர் குவேனின் பெயரை வைத்தார்கள். வசந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்து மாரியில் விடுவது, அதுதான் அதன் வேலை. இன்றும் அதே வேலைதான். கியூபெக்கில் வீடுகளை மின்சாரத்தால் சூடாக்குவதால், மின் தேவை உச்சத்துக்கு ஏறுவது கடுங்குளிர் நாட்களில்.

அந்த நிலம் அதிகமெக் என்ற பூர்வகுடி மக்களுடையது. ஆற்றை அவர்கள் தபிஸ்குவன் சிபி என்கிறார்கள். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தோணியில் போய்வந்த அவர்களின் பாதையே அந்த ஆறு. 1918 இல் தேக்கம் நிரம்பியபோது ஒபிச்சிவன் மக்களின் ஊர் தண்ணீருக்குள் போனது. வீடுகள், வேட்டை நிலங்கள், மூதாதையரின் கல்லறைகள். யாருக்காக? நானூறு, ஐந்நூறு கிலோமீற்றர் கீழே இருந்த ஆலைகளுக்காக. அவர்கள் வேறு கரையில் மறுபடி ஊர் அமைத்தார்கள். ஒபிச்சிவன் இன்றும் அந்த நீர்த்தேக்கத்தின் வடகரையில் இருக்கிறது. வெமோதாசி, மனவன் என்பவை மற்ற இரு ஊர்கள். குழந்தைகள் இன்னும் அதிகமெக் மொழியில்தான் பேசி வளர்கிறார்கள். 2014 இல் தங்கள் நிலமான நித்தஸ்கினனின் 80,000 சதுர கிலோமீற்றர் மீது தங்களுக்கு இறைமை உண்டு என்று அந்த மக்களின் தலைமை அறிவித்தது.

ஊரை இழப்பது என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் நாம் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன். என் சம்பளத்திலும் அந்தத் தண்ணீர் இருந்தது.

கேள்வி: அங்கே பிடிக்கும் மீனைச் சாப்பிடலாமா? (லவாலிலிருந்து ஒரு வாசகர்)

நிலத்தைத் தண்ணீரில் மூழ்கடிக்கும்போது அழுகும் மண்ணிலும் செடியிலும் உள்ள பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறும். ஆகவே வேட்டை மீன்களான பைக், வோல்ஐ போன்றவற்றில் பெரியவற்றைத் தவிருங்கள். ஏரி, மீன் வகை, நீளம் மூன்றையும் வைத்து மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று கியூபெக் அரசு வழிகாட்டி தருகிறது. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

கேள்வி: இப்போது அந்த ஆற்றில் எத்தனை மின் நிலையங்கள்? யாருடையவை? (ரொறன்ரோவிலிருந்து ஒரு மின் பொறியியலாளர்)

11. எல்லாம் மாகாண அரசின் மின் நிறுவனமான ஹைட்ரோ கியூபெக்கினுடையவை. ஷவினிகன் வோற்றர் அன்ட் பவர் உட்படத் தனியார் மின் கம்பனிகளை மாகாணம் 1963 இல் வாங்கியது.

ஒரே தண்ணீர் 11 முறை மின்சாரம் தருகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஷவினிகனில் இரண்டு நிலையங்களும் ஒரே விழுகையைப் பங்குபோடுகின்றன, கிறான் மேரிலும் அப்படியே. ஆகவே ஒரு துளி இறங்கும் படிகள் ஒன்பது. மேலிருந்து கீழாக: ஷூத் அலார், றபீட் தே கேர், றபீட் பிளான், திறான்ஷ், போமொன், லா தூக், கிறான் மேர், ஷவினிகன், லா கபெல். மேலே உள்ள முதல் இரண்டும் கடைசியாக வந்தவை, 2008 இல். லா கபெல் 1924. மேலே ஒரு கதவைத் திறந்தால் கீழே உள்ள எல்லாரும் கணக்குப் பார்க்க வேண்டும். தனி நிலையமாக எதையும் இயக்க முடியாது.

கேள்வி: ஷவினிகன் இப்போது எப்படி? வேலை கிடைக்குமா? (மொன்றியலிலிருந்து ஓர் இளைஞர்)

பழைய கனரகத் தொழில் பெரும்பாலும் போய்விட்டது தம்பி. பெல்கோ கடதாசி ஆலை 2008 இல் மூடப்பட்டது, லொறன்றீட் 2014 இல். அலுமினியமும் நின்றுவிட்டது. மின்சாரத்தைத் தூரம் கொண்டுபோகும் நுட்பம் வளர வளர, நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய தேவை தொழிற்சாலைக்கு இல்லாமல் போனது. பத்திரிகை வாசிப்பதும் குறைந்தது. வாடகை மொன்றியலைவிடக் குறைவு, மக்கள் அன்பானவர்கள். பிரெஞ்சு இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளோடு ஒரு வார இறுதி போக விரும்புகிறோம். எதைப் பார்ப்பது? (ஏஜக்ஸிலிருந்து ஒரு குடும்பம்)

முதல் நாள் த்ருவா றிவியேர். ஆற்று வாயில் பழைய கடதாசி ஆலையின் நீர் வடிகட்டும் நிலையத்தில் பொறேயாலிஸ் என்ற காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் கையாலேயே கடதாசி செய்யலாம். பிறகு பழைய இரும்புத் தொழிலகம். அங்கே நிலத்தடி எரிவாயு குமிழிகளாக வரும் ஓர் ஊற்று இருக்கிறது, பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

அடுத்த நாள் ஷவினிகன். சித்தே த லெனெர்ஜி காட்சியகத்தில் பழைய மின்கம்பி கோபுரம் ஒன்றை 115 மீற்றர் உயரப் பார்வைக் கோபுரமாக்கியிருக்கிறார்கள். மேலே நின்றால் அணை, மின் நிலையங்கள், பழைய அலுமினிய ஆலை, ஊர் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் பனி உருகும் காலத்தில் போங்கள். மற்ற நாட்களில் தண்ணீர் குழாய்க்குள் போய்விடுவதால் வெறும் பாறைதான் இருக்கும். கிறான் மேரில் கிழவியின் முகம் மாதிரி ஒரு பாறை உண்டு. ஆற்றின் நடுவே இருந்ததை, 1916 இல் மின் நிலையம் கட்டும்போது துண்டுதுண்டாக வெட்டி எடுத்து ஊர்ப் பூங்காவில் மறுபடி பொருத்தினார்கள்.

செப்ரெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதியில் போனால் லா தூக்கிலிருந்து த்ருவா றிவியேர் வரை மூன்று நாள் தோணிப் போட்டியையும் பார்க்கலாம். 1934 இலிருந்து நடக்கிறது. அந்த வார இறுதியில் தங்குமிடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.